பெல்கிரேடில் 'சாய்', கோழிக்கோட்டில் 'சாய': இரண்டு மொழிகளை ஒப்பிடுவது எப்படி?

பெல்கிரேடில் ஒரு கடையில் உட்கார்ந்து 'சாய்' என்று கேளுங்கள், கேட்டது கிடைக்கும். கோழிக்கோட்டில் 'ஒரு சாய' என்றாலும் அதே. (செர்பியாவில் வெறுமனே சாய் என்றால் புதினாவோ சீமைச்சாமந்தியோ போட்ட மூலிகைத் தண்ணீர் வந்துவிட வாய்ப்பு அதிகம். நமக்குத் தெரிந்த தேயிலை வேண்டுமென்றால் 'ருஸ்கி சாய்', அதாவது ரஷ்யத் தேநீர், என்று சொல்வது பழைய வழக்கம்.)

இப்படி இரண்டு சொற்கள் ஒன்றுபோல் இருந்துவிட்டால் நமக்குக் கை பரபரக்கும். 'பார்த்தாயா, எங்கேயோ இருக்கிற செர்பிய மொழிக்கும் மலையாளத்துக்கும் தொடர்பு இருக்கிறது' என்று ஆரம்பித்துவிடுவோம். தொடர்பு இருக்கிறதுதான். என்ன மாதிரித் தொடர்பு என்பதுதான் கேள்வி.

இரண்டு மொழிகள் ஒத்துப்போவதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கியிருக்கலாம், அல்லது இரண்டும் மூன்றாவது ஓர் இடத்தில் வாங்கியிருக்கலாம். மனிதர்கள் பேசும் மொழி என்பதாலேயே ஒரே மாதிரி வளர்ந்திருக்கலாம். இல்லையென்றால் வெறும் தற்செயல். இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கப் பழக, செர்பியனும் மலையாளமும் நல்ல ஜோடி. இரண்டும் சொந்தக்காரர்கள் இல்லை என்பது முன்கூட்டியே தெரியும். செர்பியன் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் தெற்கு ஸ்லாவியக் கிளை. மலையாளம் திராவிடக் குடும்பத்தில் தமிழுக்குப் பக்கத்து வீடு. அதனால் எந்த ஒற்றுமை கண்ணில் பட்டாலும் 'இது எந்தக் கணக்கில் வந்தது?' என்று கேட்டே ஆக வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. செர்பியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் கொஞ்சம் அடிபடும். பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் நம்மிடம் ஒரே 'ப'தான். தேனீ ரீங்கரிப்பது போன்ற ஒரு 'ஸ' செர்பியனில் உண்டு, அதற்கும் நம்மிடம் தனி எழுத்து இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொந்தம். சொந்தம் என்றால் என்ன என்று பார்க்கத் தமிழையும் மலையாளத்தையும் விட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்காது. மலை - மல, தலை - தல, வாழை - வாழ: தமிழில் ஐகாரத்தில் முடிவது அங்கே அகரத்தில் முடிகிறது. மாங்காய் - மாங்ஙா, தேங்காய் - தேங்ஙா. மஞ்சள் - மஞ்ஞள், கஞ்சி - கஞ்ஞி. சொற்கள் ஒன்றுபோல் இருப்பதை விட முக்கியமானது, அவை வேறுபடும்போதும் ஒரே ஒழுங்கில் வேறுபடுகின்றன என்பது. மொழிக் குடும்பத்தைக் கண்டுபிடிக்கும் ஆய்வாளர்கள் தேடுவது இந்த ஒழுங்கைத்தான்.

செர்பியனுக்கு அந்த மாதிரிச் சொந்தம் நம் நாட்டிலும் உண்டு, ஆனால் அது சமஸ்கிருதம். குளிர்காலத்துக்குச் செர்பியனில் 'ஸீமா', பனிக்குச் சமஸ்கிருதத்தில் 'ஹிம'. புகைக்கு 'தீம்', அங்கே 'தூம'. தேனுக்கு 'மேத்', அங்கே 'மது'. வானத்துக்கு 'நெபோ', அங்கே 'நபஸ்'. கைம்பெண்ணுக்கு 'உதோவித்ஸா', அங்கே 'விதவா'. நெருப்புக்குப் பழைய செர்பியச் சொல் 'ஓகாஞ்', அங்கே 'அக்னி'. 1786-இல் கல்கத்தாவில் பிரிட்டிஷ் நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பேசியது இந்த மாதிரி ஒழுங்குகளைப் பார்த்துத்தான். தென்னக மொழிகள் அந்தக் கூட்டத்தில் சேராத தனிக் குடும்பம் என்று 1816-இல் சென்னையில் பிரிட்டிஷ் அதிகாரி எல்லிஸ் எழுதினார். 1856-இல் கால்டுவெல் அதை விரிவாக நிறுவினார்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. மலையாள அகராதியைத் திறந்து பாருங்கள்: அக்னி, நபஸ்ஸு, தூமம், மது, விதவ, ஹிமம் எல்லாம் இருக்கும். செர்பிய அகராதியைப் பக்கத்தில் வைத்தால், அடேயப்பா, பத்து நிமிஷத்தில் ஐம்பது ஜோடி தேறும். அத்தனையும் உண்மையான ஜோடிகள்தான். ஆனால் செர்பியனுக்கு அவை பாட்டன் சொத்து, மலையாளத்துக்குப் பக்கத்து வீட்டுக் கடன். மலையாளம் சமஸ்கிருதத்திடம் அள்ளி அள்ளி வாங்கிய மொழி. இணையத்தில் சுற்றும் 'உலக மொழிகளெல்லாம் ஒன்று' வகைப் பட்டியல்கள் பெரும்பாலும் இந்தக் குழியில்தான் விழுகின்றன.

கடனையும் சொத்தையும் பிரிக்க ஒரு எளிய வழி: யாரும் சுலபத்தில் கடன் வாங்காத சொற்களைப் பாருங்கள். ஒன்று முதல் பத்து வரை எண்கள், கை, கால், நான், நீ, வா, போ. செர்பியனில் எண்ணினால் யேதான், த்வா, த்ரி, செதிரி, பேத், ஷேஸ்த், சேதம், ஓசம், தேவெத், தேசெத். த்வி, த்ரி, சதுர், பஞ்ச, ஷட், சப்த, அஷ்ட, நவ, தச என்று அர்ச்சனைக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கூட இது காதில் தட்டும். மலையாளத்தில் ஒந்நு, ரண்டு, மூந்நு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. இதற்கு விளக்கமே வேண்டாம். தீ, புக, தேன், திங்ஙள் என்று மலையாளத்தின் சொந்தச் சொற்களும் அகராதியில் சமஸ்கிருதச் சொற்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன.

சரி, சாய்க்கு வருவோம். அது சீனச் சொல். 'சா' என்பது பாரசீகம், துருக்கி என்று பல கை மாறி ஐரோப்பாவின் கிழக்குப் பாதிக்குள் போனது. அதே சீனத்தின் இன்னொரு வட்டார வழக்கில் தேயிலைக்குப் பெயர் 'தே'. அது கப்பல் ஏறி மேற்கு ஐரோப்பாவுக்குப் போய் 'டீ' ஆனது. நம் தேநீரில் இருக்கும் 'தே' இந்த இரண்டாவது வகை. ஆக, இந்த ஒரு சொல்லில் மட்டும் மலையாளம் தமிழை விட்டுவிட்டுச் செர்பியனோடு போய் உட்கார்ந்துகொண்டது!

சர்க்கரையும் இப்படித்தான். சமஸ்கிருத 'சர்க்கரா' பாரசீகத்தில் 'ஷகர்' ஆகி, துருக்கியில் 'ஷெகெர்' ஆகி, ஒட்டோமான் ஆட்சியோடு பால்கனுக்குப் போய் செர்பியனில் 'ஷெச்செர்' ஆகிவிட்டது. மலையாளிக்குச் 'சர்க்கர' என்றால் வெல்லம். மூலம் ஒன்று, போன வழி வேறு.

எனக்கு இதையெல்லாம் விடப் பிடித்தது ஆரஞ்சுப் பழத்தின் கதை. ஏனென்றால் இதில் பயணம் நம் பக்கத்திலிருந்து புறப்படுகிறது. தமிழில் நாரத்தை, மலையாளத்தில் எலுமிச்சை வகைக்கெல்லாம் நாரங்ஙா. இந்தத் திராவிடச் சொல்லிலிருந்துதான் சமஸ்கிருத 'நாரங்க' வந்தது என்று சொல்லாய்வாளர்கள் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அங்கிருந்து பாரசீக 'நாரங்', அரபி 'நாரஞ்ச்', அப்புறம் ஐரோப்பா முழுக்க. செர்பியனில் ஆரஞ்சு நிறத்துக்கு இன்றைக்கும் 'நாரஞ்ஜாஸ்த்' என்கிறார்கள். கொச்சியில் ஒரு கடைக்காரர் நாரங்ஙா வெள்ளம் பிழிந்துகொண்டிருக்கும் நேரத்தில், நோவி சாத் நகரத்தில் ஒரு பிள்ளை அதே சொல்லின் பேரனைச் சொல்லி வண்ணப் பென்சில் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

தற்செயலுக்கு ஒரு உதாரணம் காட்டாமல் விட முடியாது. செர்பியனில் வீட்டுக்கு 'குச்சா'. தமிழில் சின்னக் குடிசைக்குக் 'குச்சு', குச்சு வீடு. இன்னும் வேடிக்கை, 'எனக்கு வீடு இருக்கிறது' என்று செர்பியனில் சொன்னால் செயப்படுபொருள் உருபு ஏறி 'இமாம் குச்சு' என்றே ஆகிவிடும்! இதைப் பார்த்து யாராவது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் முன் ஒரு சோதனை செய்யலாம். செர்பியனின் உடன்பிறப்பு பல்கேரியன். அதில் வீட்டுக்கு 'கஷ்தா'. பழைய ஸ்லாவிய வடிவத்தில் நடுவே மூக்கொலியும் இருந்தது. ஆக, பின்னோக்கிப் போகப் போகக் குச்சும் குச்சாவும் விலகிக்கொண்டே போகின்றன. உண்மையான சொந்தம் என்றால் பின்னோக்கிப் போகப் போக நெருங்க வேண்டும்.

இதுவரை சொற்கள். இலக்கணத்தில்தான் ஒப்பீடு ருசிக்க ஆரம்பிக்கிறது.

'புத்தகம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மலையாளத்தில் புஸ்தகம், புஸ்தகத்தில், புஸ்தகங்ஙள், புஸ்தகங்ஙளில். தமிழ் வாசகருக்கு ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகத் தெரியும்: 'ங்ஙள்' பன்மை, 'இல்' இடம். இரண்டும் வேண்டுமா, இரண்டையும் வரிசையாக ஒட்டு. ரயில் பெட்டி மாதிரி. இதை ஒட்டுநிலை என்பார்கள்.

செர்பியனில் புத்தகம் 'க்ஞிகா'. புத்தகத்தை - க்ஞிகு. புத்தகத்தில் - ஊ க்ஞிஸி. புத்தகங்கள் - க்ஞிகெ. புத்தகங்களில் - ஊ க்ஞிகாமா. இதில் பன்மைக்குரிய துண்டு எது, இடத்துக்குரிய துண்டு எது? பிரிக்க முடியாது. 'ஆமா' என்ற ஒரே விகுதி இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறது. போதாததற்கு அதே 'க்ஞிகாமா' புத்தகங்களுக்கு, புத்தகங்களால் என்பதற்கும் வரும். 'க்ஞிஸி'யில் 'க' போய் 'ஸ' வந்து உட்கார்ந்திருப்பதையும் கவனியுங்கள். ரயில் பெட்டி உவமை இங்கே எடுபடாது, இது மாவில் கலந்த உப்பு. எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது, ஆனால் இல்லாவிட்டால் தெரியும்.

செர்பிய இலக்கணத்தில் வேற்றுமைகள் ஏழு. மலையாளத்துக்கு 1896-இல் ஏ.ஆர். ராஜராஜ வர்மா எழுதிய 'கேரள பாணினீயம்' சொல்வதும் ஏழு விபக்தி, அதாவது வேற்றுமை. உடனே மகிழ வேண்டாம். செர்பியனின் ஏழில் விளி உண்டு, ராஜராஜ வர்மாவின் ஏழில் விளி இல்லை. மலையாளத்தில் 'ஓடு' என்ற உருபுக்குத் தனி விபக்தி உண்டு, செர்பியனில் 'யாரோடு' என்பதற்குக் கருவி வேற்றுமையையே முன்னிடைச் சொல்லோடு சேர்த்துச் சமாளிக்கிறார்கள். எண்ணிக்கை ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

விளி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பேச்சில் உயிரோடு இருக்கும் விளி வடிவம் நமக்குப் பழக்கமானது: முருகன் என்பவரை முருகா என்று கூப்பிடுவோம், மலையாளிகள் கிருஷ்ணனைக் கிருஷ்ணா என்பார்கள். செர்பியரும் அப்படியே. டென்னிஸ் வீரர் ஜோகோவிச்சின் முதற்பெயர் நோவாக். அவரைக் கூப்பிடும்போது இலக்கணப்படி 'நோவாச்சே!'

வினைச்சொல்லில்தான் இரண்டும் எதிரெதிர் முனைக்குப் போகின்றன. மலையாளத்தில் ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு. எல்லாருக்கும் ஒரே வந்நு. பழைய மலையாளத்தில் 'வந்நான்' என்ற வடிவம் உண்டு, காலப்போக்கில் அந்த வால் உதிர்ந்துவிட்டது. செர்பியனிலோ நான் வந்தேன் என்பதை ஆண் சொன்னால் 'தோஷாவோ சம்', பெண் சொன்னால் 'தோஷ்லா சம்'. குழந்தை வந்தது என்றால் 'தேதே யே தோஷ்லோ': ஆணுமில்லை, பெண்ணுமில்லை, மூன்றாவது பால். நாமும் குழந்தையை 'வந்தது' என்றுதானே சொல்கிறோம். ஆனால் நமக்குப் பால் பொருளைப் பொறுத்தது. செர்பியனில் உயிரில்லாத புத்தகம் பெண்பால், நகரம் ஆண்பால், கிராமம் மூன்றாம் பால். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லின் கடைசி ஒலியைக் காட்டுவார்கள்.

பெயர் தெரியாத ஒருவர் குறுஞ்செய்தியில் 'வந்துவிட்டேன்' என்று அனுப்புகிறார் என்று வையுங்கள். செர்பியனில் அனுப்பியது ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். மலையாளத்தில் வந்தது யார் என்பதே தெரியாது, 'ஞான்' என்று எழுதினால்தான் உண்டு. தமிழ் நடுவில் நிற்கிறது: 'வந்தேன்' யார் என்று சொல்லும், ஆணா பெண்ணா என்று சொல்லாது.

இன்னொரு இடத்தில் மலையாளம் தமிழை விட்டு விலகி நிற்கிறது. 'அவன் மாணவன்' என்று நாம் நிறுத்திக்கொள்வோம். மலையாளி 'அவன் வித்யார்த்தியாணு' என்று ஓர் 'ஆணு' போட்டு முடிப்பார். செர்பியருக்கும் 'ஓன் யே ஸ்துதெந்த்': நடுவில் இருக்கும் 'யே' கட்டாயம். ஆணு வாக்கியத்தின் கடைசியில் நிற்கும், யே முதல் சொல்லுக்கோ சொற்றொடருக்கோ அடுத்து வந்து ஒட்டிக்கொள்ளும். பொதுவாகவே செர்பியன் வேலையை முன்னால் முடித்துக்கொள்ளும் மொழி. வீட்டில் என்பதற்கு 'ஊ குச்சி' என்று 'இல்' முன்னால் வந்துவிடுகிறது. படித்தேன் 'சிதாவோ சம்', படித்து முடித்தேன் 'ப்ரோசிதாவோ சம்': முடித்தது என்ற செய்தி 'ப்ரோ' என்று தலையில் ஏறுகிறது. மலையாளத்தில் 'வாயிச்சு', 'வாயிச்சு தீர்த்து'. நமக்கெல்லாம் சங்கதி வாலில்தான்.

இவ்வளவு வித்தியாசத்துக்கு நடுவில் ஒரு ஒற்றுமை என்னை உட்கார வைத்தது. குளிரும்போது செர்பியர் 'ஹ்லாத்னோ மி யே' என்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'குளிராக எனக்கு இருக்கிறது'. மலையாளத்தில் 'எனிக்கு தணுக்குந்நு', தமிழில் 'எனக்குக் குளிருது'. தூக்கம் வந்தால் 'ஸ்பாவா மி செ', 'எனிக்கு உறக்கம் வருந்நு', 'எனக்குத் தூக்கம் வருது'. பிடித்திருந்தால் 'ஸ்விஜா மி செ', 'எனிக்கு இஷ்டமாணு', 'எனக்குப் பிடிக்கும்'. எல்லாவற்றிலும் அந்த 'எனக்கு', நான்காம் வேற்றுமை. நாம் செய்யாத, நமக்கு நேர்கிற காரியங்களில் 'நான்' ஒதுங்கிக்கொள்கிறது. பள்ளியில் ஆங்கிலம் படித்தபோது குளிருக்கும் 'நான்' போட வேண்டும் என்று மனசைத் திருப்பிக்கொள்ள நாம் பட்ட பாடு செர்பியப் பிள்ளைக்கும் இருந்திருக்கும்.

இது சொந்தமா? இல்லை. கடனா? அதுவும் இல்லை. ரஷ்யன், ஜெர்மன், ஹிந்தி எல்லாவற்றிலும் இந்த 'எனக்கு' உண்டு. மனிதர்கள் உணர்ச்சியைப் பேச வரும்போது பல மொழிகள் தாமாகவே கண்டுகொண்ட பாதை இது. அதிலும் முழு ஒற்றுமை கிடையாது: பசிக்குச் செர்பியர் 'எனக்கு' போடுவதில்லை, 'பசித்தவனாக இருக்கிறேன்' என்ற பொருளில் 'க்ளாதன் சம்' என்பார்கள்.

எழுத்தைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. செர்பியனை ரஷ்யனுக்கும் பயன்படும் சிரிலிக் எழுத்திலும் எழுதலாம், லத்தீன் எழுத்திலும் எழுதலாம், படித்தவர்கள் எல்லோருக்கும் இரண்டும் வரும். செர்பியாவின் 2006 அரசியல் சட்டம் அரசு அலுவல்களுக்குச் சிரிலிக்கைச் சொல்கிறது. செர்பிய மொழிச் சீர்திருத்தக்காரர் வூக் கராஜிச் 1818-இல் வியன்னாவில் வெளியிட்ட அகராதியில் ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று கணக்கை முடித்தார். பேசுகிறபடி எழுது, எழுதியிருக்கிறபடி படி என்பது கொள்கை. அதனால் ஷேக்ஸ்பியரைக் கூட காதில் விழுகிறபடி 'ஷெக்ஸ்பிர்' என்றே அச்சடிப்பார்கள், நாம் செய்வது போலவே. மலையாளத்தில் கூட்டெழுத்துகள் பெருகி அச்சுக்கோப்பவர்கள் திண்டாடியதால் 1971-இல் அரசு எழுத்தைக் குறைத்து எளிமையாக்கியது.

ஒலியில், நம் ழ, ள, ண எதுவும் செர்பியருக்கு வராது. பதிலுக்கு நமக்கு வராதது அவர்களிடம் இருக்கிறது. உயிரெழுத்தே இல்லாமல் 'ர்' மட்டும் வைத்து அசை கட்டுவார்கள். 'நா வ்ர்ஹ் ப்ர்தா வ்ர்பா ம்ர்தா' என்பது அவர்களுடைய நாநெகிழ் பயிற்சி. குன்றின் உச்சியில் வில்லோ மரம் அசைகிறது என்று பொருள். வேகமாக மூன்று தடவை சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக உறவுமுறை. இதில் செர்பியன் ஐரோப்பாக்காரர் மாதிரியே நடந்துகொள்ளாது. அம்மாவின் சகோதரர் 'உயாக்', அப்பாவின் சகோதரர் 'ஸ்த்ரித்ஸ்'. நாத்தனாருக்குத் தனிச் சொல். மனைவியின் சகோதரியுடைய கணவருக்கு, அதாவது சகலைக்கு, 'பாஷெனோக்'. ஓரகத்திக்கு 'யெத்ர்வா'. சமஸ்கிருத 'யாத்ரு'வும் இதே உறவைக் குறிக்கும் இதே சொல்தான். ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் நீட்டி முழக்க வேண்டும், செர்பியரிடம் ஒரே சொல்லில் முடிந்துவிடும். இதைப் பார்த்து 'நம்ம ஆளுங்கதான்' என்று தோன்றும்.

அடுத்த படியில் கால் இடறும். அம்மாவின் சகோதரிக்கும் அப்பாவின் சகோதரிக்கும் அவர்களிடம் ஒரே 'தெத்கா'. சித்தியும் அத்தையும் ஒன்றாகிவிட்டார்கள். மாமன் மகளுக்கு என்ன சொல் என்று பார்த்தால் 'செஸ்த்ரா ஓத் உயாகா'. செஸ்த்ரா என்றால் சகோதரி: மாமா வழிச் சகோதரி. மலையாளத்தில் அவள் முறப்பெண்ணு, தமிழில் முறைப்பெண். பெல்கிரேடுக்காரர் ஒருவரிடம் இந்தச் சொல்லை விளக்கப் போனால், அவர் முகம் போகிற போக்கைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.